லயத்தோரச் செடிகள்

கூலாயிலிருந்து வடக்கே லாயாங் லாயாங், ரெங்கம், குளுவாங் என்று செல்லும் பாதையின் இருமருங்கும் இன்று கண்ணுக்கெட்டிய தூரம் செம்பனையே நிற்கிறது. அணிவகுத்த அம்மரங்களுக்கிடையே சிற்சில இடங்களில் ஒழுங்கு தவறிய ஒரு காட்சி தென்படும். புல்லுக்கும் பெரணிக்கும் நடுவே செம்பருத்தி ஒன்று ஆளுயரம் கடந்து படர்ந்திருக்கும். அதற்கு நேர்கோட்டில் பத்தடி தள்ளி நந்தியாவட்டை ஒன்று நிற்கும். அப்பால், வெட்டுப்பட்டும் மீண்டும் தழைத்த முருங்கை. காட்டுச் செடி இப்படி வரிசை பிடித்து வளர்வதில்லை. அவ்விடத்தில் முன்பு ஒரு லயம் இருந்தது என்பதற்கு இவையே சாட்சி. பலகையும் தகரமும் போய்விட்டன, தூண்களையும் பெயர்த்தெடுத்துவிட்டார்கள். சுவரின் அடியோரத்தில் யாரோ ஒரு தாய் நட்ட செடி மட்டும் சுவர் இருந்த கோட்டைக் காட்டிக்கொண்டு நிற்கிறது.

மலாயாத் தமிழரின் வரலாற்றை எழுதப் புகுந்தோர் கப்பலைப் பற்றி எழுதினர். கங்காணியைப் பற்றி எழுதினர். கூலியையும் கித்தாவின் விலையையும் பற்றி நிரம்ப எழுதினர். சுவருக்கும் சாக்கடைக்கும் இடையே கிடந்த மூன்றடி மண்ணைப் பற்றி எழுதியவர் அரியர். அந்த மூன்றடி மண் யாருக்குரியது, அதில் எதை நட முடிந்தது, எதை நட முடியவில்லை என்று கேட்டுப் பார்த்தால், தோட்டப்புறத் தமிழர் இந்நாட்டில் ஊன்றிய வரலாற்றின் ஒரு பகுதி அங்கேயே புலப்படுகிறது.

கடைக்காலும் திண்ணையும்

வீட்டின் அடித்தளத்தைத் தமிழர் கடைக்கால் என்றும் அத்திவாரம் என்றும் வழங்குவர். கொத்தர் வழக்கில் அதற்காகத் தோண்டும் குழிக்கு வானம் என்றே பெயர். இத்தனை சொல் இருந்தும், கடைக்கால் ஓரத்தில் செடி நடுவதைக் குறிக்க ஒரு தனிச்சொல் நம்மிடம் இல்லை. காரணம் வெளிப்படை. தமிழ்நாட்டு வீட்டின் முன்புறத்தில் கடைக்காலைத் திண்ணை மறைத்துவிடுகிறது. திண்ணைக்குக் கீழே சாணம் மெழுகிக் கோலமிடும் வாசல். அங்குப் புதருக்கு இடமில்லை. செடிகொடிகளுக்கு உரிய இடங்கள் கொல்லையும் வேலியுமே.

சங்கப் புலவர்கள் மனையருகு வளர்ந்த செடிகளை நன்கு அறிந்திருந்தனர். கொல்லன் அழிசி பாடிய குறுந்தொகை 138ஆம் பாட்டில், வீட்டுக்கு அயலே நிற்கும் நொச்சியிலிருந்து நள்ளிரவில் பூ உதிரும் ஓசையும் உறங்காதிருப்பவளின் செவியில் விழுகிறது. நற்றிணைப் பாட்டு ஒன்றில், வீட்டில் வளர்த்த வயலைக் கொடியைக் கன்று ஈன்ற பசு தின்றுவிட, சிறுமி பந்தை எறிந்துவிட்டு வயிற்றில் அடித்துக்கொண்டு அழுகிறாள். மனையோரத்துச் செடிக்குக் கால்நடையே முதற்பகை என்பது இரண்டாயிரம் ஆண்டுக்கு முற்பட்ட செய்தி என்பதை இங்கு நினைவில் வைத்துக்கொள்ளுதல் நலம். பின்னர் ஜொகூர் லயத்திலும் அப்பசுவைச் சந்திக்க நேரும். நொச்சிக்கு இன்னொரு சிறப்பும் உண்டு. பகைவரிடமிருந்து மதிலைக் காப்போர் சூடிய பூ அதுவே. வீட்டுச் சுவரருகே வளர்ந்த செடி, ஊர்ச்சுவரைக் காப்பதற்கும் அடையாளமாயிற்று. அந்நொச்சியின் இனத்தையே மலாய்க்காரர் லெமுனி என்பர். வட மாநிலங்களில் அதன் இலையைச் சேர்த்து லெமுனிச் சோறு சமைப்பர்.

கடைக்கால் ஓரத்தை ஒட்டிப் புதர்ச்செடிகளை வரிசையாக நடுவது ஒரு தனிக்கலையாக வளர்ந்த இடம் அமெரிக்கா. அங்குக் குளிர்காலத்துக்காக வீட்டுக்கடியில் நிலவறை அமைத்து, அதில் கணப்பு உலையை வைத்தனர். நிலவறைக்கு வெளிச்சம் வேண்டித் தளத்தை உயர்த்தவே, அழகற்ற கல்சுவர் ஒன்று வெளியே தெரிந்தது. அதை மறைக்கவே புதர்கள் வந்தன. 1927இல் இதற்கென்றே லெனார்ட் ஜான்சன் என்பவர் ஒரு நூல் எழுதினார். நிலவறை இல்லாத வெப்ப நாடுகளிலும் பின்னர் இவ்வழக்கம் பரவியது வேடிக்கைதான். மறைக்க வேண்டியது இல்லாவிடினும் மறைப்பு மட்டும் வந்துவிட்டது.

தூக்கிக் கட்டிய லயம்

மலாயாவின் பழைய வீட்டு முறையோ இவ்விரண்டிலும் வேறானது. மலாய்க்கார வீடு தூண்களின் மேல் நிற்பது. அடியில் காற்றும் கோழியும் உலவும். கடைக்கால் என்பதே கண்ணுக்குப் புலப்படாத வீட்டில் அதன் ஓரத்தில் எதை நடுவது? படிக்கட்டின் பக்கத்தில் இரண்டொரு பூச்செடி, சற்றுத் தள்ளிக் கனிமரங்கள், நடுவே துடைத்துப் பெருக்கிய மண்முற்றம் என்பதே கம்பத்தின் அமைப்பு.

ஜொகூரில் 1909ஆம் ஆண்டு மாநில இரயில் பாதை திறக்கப்பட்டு, கெமாசிலிருந்து ஜொகூர் பாரு வரை தொடர் ஏற்பட்டது. அதுவரை ஆற்றங்கரைகளில் சீனர்கள் கம்பீரும் மிளகும் பயிரிட்டிருந்த மாநிலத்தில், உள்நாட்டுக் காடு கித்தாவுக்குத் திறந்துவிடப்பட்டது. 1910இல் இந்தியருக்கான ஒப்பந்தக் கூலி முறை நின்றுபோகவே, கங்காணி வழியாகத் தமிழர்கள் குடும்பம் குடும்பமாக வந்து இறங்கினர். அவர்களுக்காக எழுந்த முதல் லயங்கள் பல, மலாய் வீட்டைப் போலவே தூக்கிக் கட்டப்பட்டவை. ஆனால் அதன் அழகு அவற்றுக்கு வரவில்லை. நீண்ட கொட்டகை ஒன்றைப் பலகையால் பத்தடிக்குப் பத்தடி அறைகளாகத் தடுத்து, முதுகோடு முதுகாக இருவரிசை வைத்தனர். அடியில் கிடந்த வெற்றிடத்தில் அடுப்பும் விறகும் ஆடும் சேர்ந்தே இருந்தன. செடி நட்டால் அது சமையலறை வாசலில் நட்டதாகும்.

பின்னர் லயம் தரைக்கு இறங்கியது. சிமெண்டுத் தளம், பலகை அல்லது செங்கற் சுவர், பின்னால் தனிச் சமையலறை, கூரை விளிம்புக்கு நேர்கீழே சிமெண்டுச் சாக்கடை என்று அமைப்பு மாறியது. ஜொகூரில் ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டுகிறது. தகரக் கூரையிலிருந்து விழும் தாரை மண்ணை அரித்துத் தளத்தையே வெளிக்காட்டிவிடும். அதைத் தடுக்க வந்ததே அச்சாக்கடை. அது வந்த பிறகே லயத்துக்கு ஓரம் என்ற ஒன்று ஏற்பட்டது. சுவரடியிலும் சாக்கடை விளிம்பிலும் கிடந்த குறுகிய மண்துண்டு அப்போதுதான் பெண்களின் கைக்கு வந்தது. ஆனால் அதற்கு முன்பே வேறொருவர் அதன்மீது கண்வைத்திருந்தார். அவர் சுகாதார அதிகாரி.

கொசுவும் நிழலும்

1897ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 20ஆம் நாள் ரொனால்டு ராஸ் செகந்தராபாத்தில் கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமியைக் கண்டார். நான்கே ஆண்டுகளில், 1901இல், கிள்ளானில் மருத்துவ அதிகாரியாயிருந்த மால்கம் வாட்சன் அக்கண்டுபிடிப்பைக் காரியத்தில் காட்டினார். சதுப்பை வடித்துப் புதரை வெட்டியதும் கிள்ளான் நகரில் காய்ச்சல் தணிந்தது. தோட்டங்களுக்கும் அதே வழி காட்டப்பட்டது. லயத்தைச் சுற்றிலும் காடு கூடாது, புதர் கூடாது, நிழல் கூடாது என்பது அன்றைய வேதம். காட்டிலிருந்து ஏறத்தாழ அரைமைல் தள்ளியிருக்கும் லயங்களில் காய்ச்சல் குறைவு என்று அவர் கண்டிருந்தார்.

கடலோரச் சமவெளியில் பலித்த வைத்தியம் மேட்டுநிலத்தில் பலிக்கவில்லை. காடு வெட்டிய குன்றுப் பகுதிகளில் காய்ச்சல் தணியாமல் நின்றது. காரணத்தை வாட்சனே ஆராய்ந்து கண்டார். சமவெளியில் நோய் பரப்பிய அனாபிலிஸ் அம்புரோசஸ் என்ற கொசு காட்டு நிழலில் தேங்கிய நீரில் பெருகுவது. குன்றுப் பகுதியில் நோய் பரப்பிய அனாபிலிஸ் மேகுலாட்டஸ் அதற்கு நேர்மாறு. வெயில் படும் தெளிந்த ஓடையே அதற்குப் பிடித்தமானது. நிழலை வெட்டியவர்கள் அறியாமலே அதற்குத் தொட்டில் கட்டிக் கொடுத்தனர். 1911இல் வெளிவந்த வாட்சனின் நூல் இச்செய்திகளை விரித்துரைக்கிறது. குளுவாங், லாபிஸ், சிகாமட் பக்கத்து மேட்டுநிலத் தோட்டங்களுக்கு இவ்வேறுபாடு உயிர்ப் பிரச்சினை. பிற்காலத்தில் ஓடைகளை அடர்ந்த நிழலால் மூடுவதும் கொசுவை அடக்கும் வழிகளுள் ஒன்றாகக் கைக்கொள்ளப்பட்டது. அசாமின் தேயிலைத் தோட்டங்களில் அதற்காகவே செடிவேலி வளர்த்தனர்.

விஞ்ஞானம் இவ்வாறு திருந்தியபோதும் லயத்தோரத்தின் விதி திருந்தியதாகத் தெரியவில்லை. வெட்டவெளியே சுத்தம் என்ற எண்ணம் ஊறிவிட்டது. வெட்டவெளிக்குச் சார்பாகச் சொல்லக்கூடிய நியாயங்களும் இல்லாமலில்லை. கித்தா மரத்தையே உயிரோடு அரிக்கும் கரையான் இந்நாட்டில் உண்டு. புதர் மூடிய சுவரில் அதன் மண்குழாய் ஏறுவது கண்ணுக்குத் தெரியாது. பாம்பும் புதரை விரும்பும். ஆகவே சுகாதார அதிகாரியை வெறும் கொடுங்கோலன் என்று தள்ளிவிடுதல் நேர்மையாகாது. மலேரியாவில் பிள்ளைகளைப் பறிகொடுத்த தாய்மாரும் அவர் சொல்லை மதித்திருப்பர். ஆனால் குன்றின் மேலிருந்த துரையின் பங்களாவைச் சுற்றி வெட்சியும் காகிதப்பூவும் குரோட்டனும் கல்வாழையும் அடர்ந்து நின்றன என்பதும் உண்மை. கொசு மேட்டுக்கும் பள்ளத்துக்கும் வேறுபாடு பார்ப்பதில்லை. பார்வையிட வந்தவர்கள்தாம் பார்த்தனர்.

பங்களாச் செடிகளின் பிறப்பும் சுவையானதே. காகிதப்பூ பிரேசில் நாட்டுச் செடி. 1767இல் ரியோ நகரில் பிரெஞ்சுத் தாவர அறிஞர் கொமர்சோன் அதைச் சேகரித்து, தம் கப்பல் தலைவர் பூகன்வில்லின் பெயரைச் சூட்டினார். தமிழர் அதைக் காகிதப்பூ என்றனர். மலாய்க்காரரும் அதே பொருளில் பூங்கா கெர்த்தாஸ் என்றனர். குரோட்டனோ மொலுக்கஸ் தீவுப் பக்கத்தது. அம்போனில் வாழ்ந்த ரம்பியசு பதினேழாம் நூற்றாண்டிலேயே அதை வருணித்திருக்கிறார். வெட்சிக்கு லின்னேயசு வைத்த இக்சோரா என்னும் பெயர், ஈசுவரன் என்ற சொல்லைப் போர்த்துக்கீசியர் எழுதிய முறையிலிருந்து பிறந்தது. ஆநிரை கவரச் சென்றோர் சூடிய பூ, ஈசுவரன் பெயரைத் தாங்கிக்கொண்டு வெள்ளைக்காரத் துரையின் வாசலில் நின்றது.

ஒடித்து நட்டவை

லயத்து மக்கள் தங்கள் ஓரத்தில் எவற்றை நட்டனர்? செம்பருத்தி, நந்தியாவட்டை, மருதாணி, மல்லிகை, குரோட்டன், ஆடாதோடை, கற்பூரவல்லி, தூதுவளை, வெற்றிலை, முருங்கை, கறிவேப்பிலை, துளசி. பழைய தோட்டங்களில் வாழ்ந்த முதியோரைக் கேட்டால் இப்பெயர்களே திரும்பத் திரும்ப வரும். (செம்பருத்தி என்பது செம்பரத்தையின் திரிபு, சிவந்த பருத்திக்கும் அப்பெயர் உண்டாகையால், வகுப்பில் இரண்டையும் பிரித்துக் காட்டுதல் ஆசிரியர் கடன். லயத்தில் வழங்கியது செம்பருத்தியே ஆகையால் இங்கும் அவ்வாறே எழுதப்படுகிறது.) பூசைக்குப் பூ, பிள்ளைக்கு மருந்து, குழம்புக்கு இலை என்று இப்பட்டியலுக்கு விளக்கம் கூறுவது எளிது. அது தவறுமன்று. ஆனால் அவ்விளக்கத்தோடு நின்றுவிட்டால் பட்டியலின் மற்றொரு தன்மை கண்ணில் படாமலே போய்விடும்.

துளசியையும் கறிவேப்பிலையையும் நீக்கிப் பார்த்தால், மற்றவை யாவும் கொம்பொடித்து நட்டால் வேர்பிடிப்பவை. முருங்கைப் போத்தை வெட்டி மண்ணில் ஊன்றினால் போதும். செம்பருத்திக் குச்சி இரண்டு வாரத்தில் துளிர்க்கும். வெற்றிலையும் தூதுவளையும் கொடித்துண்டிலிருந்தே பிழைக்கும். மல்லிகைக்குப் பதியமும் போடலாம். விதைக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை. பங்களாவின் வேலியைக் கத்தரித்தவரும் லயத்து மனிதரே. அங்கே வெட்டி எறிந்த கொம்பு மாலையில் லயத்தின் ஓரத்தில் ஊன்றப்பட்டிருத்தல் இயல்பு. அதனினும் முக்கியம், புறப்படும் நாளில் ஒரு கொம்பை ஒடித்து ஈரத்துணியில் சுற்றிக்கொள்ளலாம். வேலை போனால் வீடும் போகும் என்பது லயத்தின் விதி. ஒரு தோட்டத்திலிருந்து மற்றொன்றுக்குப் பெயர்வது வாழ்வில் பன்முறை நேர்வது. பாயும் பானையும் சுமந்து போகும் குடும்பம், தன் வாசற்செடியையும் எடுத்துச் செல்ல இவ்வகைச் செடியே இடங்கொடுத்தது.

இதற்கு மறுப்பும் கூறலாம். கொம்பு நட்டு வளர்ப்பது உலகெங்கும் உள்ள வழக்கம். துரையின் செம்பருத்தியும் அவ்வாறு வந்ததுதான். உண்மை. ஆகையால் இருப்பவற்றை மட்டும் கொண்டு முடிவு கட்டாமல், இல்லாதவற்றையும் பார்க்க வேண்டும். மா, பலா, தென்னை, டுரியான், ரம்புத்தான் ஆகியவை கம்பத்தில் வீடுதோறும் நிற்பவை. லயத்தோரத்தில் அவை அரிது. மண் ஒன்றே, மழையும் ஒன்றே. வேறுபாடு உரிமையில் இருந்தது. மலாய் வழக்காற்றில், வீடும் கனிமரமும் உள்ள நிலம் உயிருள்ள நிலம். உழுதவன் அடையாளம் அழிந்துபோன நிலம் இறந்த நிலம். மாக்ஸ்வெல் 1884இல் மலாய் நில உரிமையைப் பற்றி எழுதிய கட்டுரை இதனை விளக்கியுள்ளது. மரம் நட்டவன் நிலத்தின்மேல் ஒரு சொல் சொல்லிவிட்டான் என்று பொருள். பத்தாண்டு கழித்துக் காய்க்கும் பலாவை லயத்துக்காரர் நடாமலிருந்ததற்கும், நட்டாலும் நிர்வாகம் முகம் சுளித்திருக்கும் என்பதற்கும் வேறு விளக்கம் தேட வேண்டியதில்லை. புதர் என்றால் வெட்டிவிடலாம். மரம் என்றால் அது பேசத் தொடங்கிவிடும்.

சட்டம் இதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லையா? சொன்னது. கூட்டாட்சி மலாய் மாநிலங்களின் 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத்தொகுப்பு, குடும்பம் உள்ள தொழிலாளி ஒவ்வொருவருக்கும் ஓர் ஏக்கரில் பதினாறில் ஒரு பங்கு நிலத்தைக் காய்கறி பயிரிடவோ கால்நடை மேய்க்கவோ ஒதுக்க வேண்டுமென விதித்தது. கணக்கிட்டால் அது 2,700 சதுர அடிக்குச் சற்று மேல். அவர் வாழ்ந்த அறையைப் போல ஏறத்தாழ 27 மடங்கு. ஜொகூர் அக்கூட்டாட்சியில் சேராத தனி மாநிலமாயினும் அதன் தொழிலாளர் சட்டமும் இவ்வழியையே தழுவியது. கேட்பதற்கு இது பெருங்கொடையாகத் தோன்றும். ஆனால் அந்நிலம் வீட்டோடு சேர்ந்ததன்று. லயத்துக்கு அப்பால், கித்தாவுக்கு உதவாத பள்ளத்திலோ மேட்டிலோ காட்டப்பட்டால் சட்டம் நிறைவேறிவிடும். விடியலில் பெரட்டுக்குப் போய், பால்மரம் வெட்டி, பால் எடுத்து, நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்த பெண்ணுக்கு அங்கே நடந்துபோக நேரமும் இல்லை, வலிவும் இல்லை. அவளுக்கு எட்டியது சுவரோரம். அரிசி களைந்த நீரும் குளித்த நீரும் அங்கேதான் விழுந்தன.

அங்கே நட்டதையும் காக்க ஒரு வழி வேண்டியிருந்தது. தோட்டந்தோறும் ஆடுகளும் மாடுகளும் இருந்தன; நற்றிணைப் பசுவின் வழித்தோன்றல்கள் அவை. செம்பருத்தியைக் கண்டால் ஆடு விடாது. முருங்கைத் தளிரையும் விடாது. நந்தியாவட்டையின் பாலும் குரோட்டனின் கசப்பும் அதற்கு ஆகா. ஆடாதோடையின் பெயருக்கே ஆடு தொடாதது என்று பொருள் கூறுவர். லயத்தோரத்தை உற்று நோக்கினால், ஆடு தின்னும் செடிகளுக்கு முன்னால் ஆடு தொடாச் செடிகளை அரணாக வைத்திருப்பது புலப்படும். பழைய பலகைத் துண்டு, மரக்கிளை, கிழிந்த சாக்கு இவற்றால் கட்டிய சிறுவேலி அதற்குத் துணை. மதில் காத்த நொச்சிக்கு இவை எவ்வகையிலும் குறைந்தவையல்ல.

இச்செடிகளுட் சில அண்டை வீட்டார் மொழியிலும் புகுந்தன. மலாய்மொழி முருங்கையை மெருங்காய், ரெமுங்காய் என்று ஏற்றது. கறிவேப்பிலை காரிப்பூலாய் ஆயிற்று. எவ்வளவு காலம் அருகருகே வாழ்ந்தனர் என்பதற்கு இச்சொற்களும் சான்று. மறுபுறம், மலாய்க்காரரின் பூங்கா ராயா தமிழர் பூசைக்குரிய செம்பருத்தியே. 1960ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 28ஆம் நாள் துங்கு அப்துல் ரகுமான் அதனை நாட்டின் தேசிய மலராக அறிவித்தார்.

மரவள்ளியும் முள்வேலியும்

1942 முதல் 1945 வரை சப்பானியர் ஆட்சி. கித்தாவை வாங்குவாரில்லை, அரிசி வருவதில்லை. சயாம்-பர்மா இரயில் பாதைக்கு ஆண்கள் பிடித்துச் செல்லப்பட்டனர். திரும்பி வராதோர் பல்லாயிரவர். லயத்தில் மிஞ்சிய பெண்களும் முதியோரும் சிறுவரும் பூச்செடிகளைப் பிடுங்கிவிட்டுச் சுவர் வரை மரவள்ளி நட்டனர். மரவள்ளியும் குச்சி ஊன்றி வளர்ப்பதே. நெல்லுக்கு வேண்டிய நீரும் உழவும் அதற்கு வேண்டா. ஏழெட்டுத் திங்களில் கிழங்கு கொடுக்கும், இலையும் உண்ணக்கூடியது. சர்க்கரைவள்ளிக் கொடி தரையை மூடியது. பல்லாண்டுக் காலம் சுகாதாரத்தின் பெயரால் வெறுமையாக வைக்கப்பட்ட ஓரம், அந்த மூன்றரை ஆண்டுகளில் பசுமையாக இருந்தது. அதைத் தடுக்க அப்போது ஆளில்லை. அக்காலத்தைக் கண்ட முதியோர் மரவள்ளிக் கிழங்கைப் பின்னாளில் தொடவே மறுத்தது பல குடும்பங்களில் கேட்கும் செய்தி.

1948இல் அவசரகாலம் பிறந்தது. ஜொகூர் அதில் மிகவும் அடிபட்ட மாநிலங்களுள் ஒன்று. 1958இல் ஹோர் லுங் சரணடைந்த பின்னரே தென்பகுதி அமைதி கண்டது. 1950இல் வகுத்த பிரிக்சுத் திட்டப்படி சீனக் குடியேறிகள் புதுக் கிராமங்களுக்குப் பெயர்க்கப்பட்டதை யாவரும் அறிவர். தோட்டத் தொழிலாளரும் சிதறிக் கிடந்த லயங்களிலிருந்து ஓரிடத்துக்குக் கொண்டுவரப்பட்டு முள்வேலிக்குள் வைக்கப்பட்டனர் என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. சாலையோரத்துப் புதர் பதுங்கித் தாக்க இடம் தரும் என்று வெட்டப்பட்டது. வேலியோரத்திலும் பார்வையை மறைக்கும் எதுவும் ஆகாது. வெட்டச் சொன்னவர் முன்பு கொசுவைக் காட்டினார். இப்போது துப்பாக்கியைக் காட்டினார். வெட்டப்பட்டவை அதே செடிகளே. கைவிட்டு வந்த லயத்தின் ஓரத்தில் நின்ற செம்பருத்தியிலிருந்து ஒரு கொம்பு மட்டும் புதிய இடத்துக்கு வந்து சேர்ந்தது.

கொம்பு சென்ற இடங்கள்

விடுதலையை ஒட்டிய ஆண்டுகளில் பெருந்தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்டன. 1951 முதல் 1960 வரை நடந்த இத்துண்டாடலை உங்கு அசீசு விரிவாக ஆராய்ந்து அறிக்கை எழுதினார். வேலையோடு வீட்டையும் இழந்தோர் நிலைகண்டு, தொழிலாளரே பங்கு சேர்த்துத் தோட்டம் வாங்கும் முயற்சியாக 1960இல் துன் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை நிறுவினார். 1966இல் தொழிலாளர் வீட்டு வசதிக்குக் குறைந்த அளவுத் தரம் வகுத்த சட்டம் நிறைவேறியது. அறையின் அளவும் நீரும் கழிவறையும் அதனால் சீர்பட்டன. வீட்டடி மண் யாருடையது என்ற வினாவுக்கு அது விடை கூறவில்லை. அது கூற வந்த பொருளும் அதுவன்று.

பின்னர்க் கித்தா செம்பனையாயிற்று. செம்பனையும் பல இடங்களில் வீடமைப்புப் பகுதியாயிற்று. தெப்ராவ், ஸ்கூடாய், மாசாய், உலு திராம் பக்கங்களில் பழைய தோட்டப் பெயர்களே இன்று குடியிருப்புப் பெயர்களாக வழங்குகின்றன. 2006இல் தென் ஜொகூர் வளர்ச்சித் திட்டம் தொடங்கிய பின் இம்மாற்றம் விரைந்தது. லயத்திலிருந்து புறப்பட்டவர்களின் மக்களும் பேரன்மாரும் இருபதடி அகல வரிசை வீடுகளில் குடிபுகுந்தனர். இவை கடன் கட்டிச் சொந்தமாக்கிக்கொண்ட வீடுகள். பட்டாவும் பெயரும் உண்டு. மரம் நட்டால் கேட்பாரில்லை.

ஆனால் நடுவதற்கு மண்ணில்லை. வாயிற்கதவிலிருந்து முன்சுவர் வரை கார் நிற்கச் சிமெண்டு பூசியாயிற்று. கடைக்கால் ஓரமெல்லாம் ஓடு பதித்தாயிற்று. தொட்டியில் துளசியும் கற்பூரவல்லியும் வளர்கின்றன. அத்தொட்டியின் அடித்தட்டில் நீர் நின்றால் டெங்கிக் கொசு பெருகும் என்று 1975ஆம் ஆண்டுப் பூச்சி ஒழிப்புச் சட்டத்தின்கீழ் அதிகாரி வந்து பார்த்துத் தண்டம் விதிக்கக்கூடும். கறிவேப்பிலைக்கோ தொட்டி போதாது; அதன் வேர் ஆழத்தை நாடும், பக்கக் கன்றுகளும் விடும். ஆகையால் அது வெளியே போயிற்று. வீட்டின் மதிலுக்கு அப்பால், பெருஞ்சாக்கடைக்கும் தார்ச்சாலைக்கும் இடையே மூன்றடி அகலத்துக்கு ஒரு மண்பட்டை ஓடுகிறது. அது நகராண்மைக் கழகத்துக்குரியது. ஜொகூர் பாருவின் குடியிருப்புத் தெருக்களில் அம்மண்பட்டையில் கறிவேப்பிலை நிற்கும் இடத்துக்கு எதிர்வீடு பெரும்பாலும் தமிழர் வீடாகவே இருக்கிறது. அருகில் ஒரு முருங்கைப் போத்தும், அதையொட்டிச் செம்பருத்தியும் நிற்கும். புல்வெட்ட வரும் கழகத்து ஆட்கள் இயந்திரத்தைச் சற்று விலக்கிக்கொண்டு செல்கிறார்கள். சில தெருக்களில் விலக்குவதில்லை. வெட்டுண்ட மறுவாரம் அதே இடத்தில் வேறொரு கொம்பு ஊன்றப்பட்டிருக்கும்.